பெரிய இறக்கை, இரண்டாவது கண்

(ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ரிமோட்டில் பறக்கும் விமானம் என்றதும் பலருக்கும் பிறந்தநாள் பரிசாக வந்த அட்டைப்பெட்டிதான் நினைவுக்கு வரும். மொட்டை மாடியிலிருந்து ஒரு தடவை பறந்து, பக்கத்து வீட்டுத் தென்னையில் மாட்டிக்கொண்டு, அதோடு கதை முடிந்துபோன விமானம். இன்றைய பேச்சு அதைப் பற்றியதன்று. எக்ஸ்ட்ரா 300 என்ற சாகச விமானத்தை 40 சதவீத அளவில் செய்து பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 3 மீட்டர். எடை 18 கிலோவுக்கு அக்கம்பக்கம். மூக்கில் 150 சி.சி. பெட்ரோல் எஞ்சின்; நம் தெருக்களில் ஓடும் பாதி பைக்குகளுக்கு அவ்வளவு பெரிய எஞ்சின் கிடையாது. ஓட்டுகிறவர் தரையில் நிற்கிறார். கழுத்தில் வார், வாரில் டிரான்ஸ்மிட்டர், அதில் இரண்டு குச்சிகள். அவ்வளவுதான் அவருக்கும் ஆகாயத்துக்கும் உள்ள தொடர்பு.

எது பெரிது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. 1980ல் அங்கே உருவான பன்னாட்டு மினியேச்சர் விமானச் சங்கம் அதை எழுதிவைத்தது. ஒற்றை அடுக்கு இறக்கை உள்ள விமானம் என்றால் இறக்கையின் நீளம் குறைந்தது 80 அங்குலம். இரண்டு அடுக்கு என்றால் 60. இல்லையென்றால் அசல் விமானத்தில் கால் பங்கு அளவாவது இருக்க வேண்டும். இந்த வரம்பைத் தாண்டினால் ‘ஜயன்ட் ஸ்கேல்’. தாண்டாதவர்களுக்கு அந்தச் சங்கத்தின் விழாக்களில் பறக்க இடமில்லை.

இவ்வளவு பெரிதாக ஏன் செய்ய வேண்டும்? பெருமைக்காகவா? கொஞ்சம் அதுவும் உண்டு. இல்லை என்று சாதிக்க வேண்டாம். ஆனால் உண்மையான காரணம் காற்றில் இருக்கிறது.

பைப்பர் கப் என்ற மஞ்சள் நிற விமானத்தை எடுத்துக்கொள்வோம். மாதிரி விமானம் செய்கிறவர்களின் செல்லப்பிள்ளை அது. அசலின் இறக்கை 10.7 மீட்டர், முழுச் சுமையோடு எடை 553 கிலோ. அதைக் கால் அளவில் செய்தால் நீளம் நாலில் ஒன்றாகும். இறக்கையின் பரப்பு பதினாறில் ஒன்றாகும். எடையோ அறுபத்து நாலில் ஒன்றாகும். 553ஐ 64ஆல் வகுத்தால் எட்டரைக் கிலோவும் சில கிராமும் வரும். நிஜமாகவே கால் அளவு பைப்பர் கப்பைத் தராசில் வைத்தால் அதற்குப் பக்கத்தில்தான் முள் நிற்கும். எடை குறைந்த வேகத்தில் பரப்பு குறையாததால், இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமக்கும் பாரம் அசலில் கால் பங்குதான். அதனால் அசல் விமானம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே போனால் விழுந்துவிடும் என்றால், மாதிரி 30 வரை தாங்கும்.

இதுவரை சிறிதாக்குவதில் லாபம்தான். நஷ்டம் எங்கே என்றால், விமானத்தைச் சிறிதாக்கலாம், காற்றைச் சிறிதாக்க முடியாது. இறக்கை குறுகக் குறுக, அதன் கணக்கில் காற்று பிசுபிசுப்பாகிக்கொண்டே போகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் பெயரால் வழங்கும் எண் இதைத்தான் அளக்கிறது. சாண் அகல இறக்கையின் மேல் காற்று சீராக ஒட்டி ஓடாமல் சீக்கிரமே பிய்த்துக்கொள்ளும். சின்ன விமானம் திடீரென்று ஒரு பக்கம் சாய்வது இதன் விளைவு. அளவு கூடக்கூட நடை மாறுகிறது. கால் அளவு பைப்பர் கப் ஓடுபாதையை நெருங்கும்போது மூக்கை லேசாகத் தூக்கி மிதந்து இறங்குவதைப் பார்த்தால், பக்கத்தில் ஆள் நிற்காதவரை அது நிஜ விமானம் என்றே கண் நம்பும். இன்னொரு சௌகரியமும் உண்டு. 300 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் இறக்கை ஒரு புள்ளி. 3 மீட்டர் இறக்கையோ எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும். வயதான கண்கள் பெரிய விமானத்தை விரும்புவதற்கு இதுவே போதும்.

ஆனால் நடை மட்டும் நிஜ விமானமாக மாறுவதில்லை. ஆபத்தும் சேர்ந்தே மாறுகிறது. 2 கிலோ விமானம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 50 கிலோ விமானம் 100ல் வருகிறது. எடை 25 மடங்கு. வேகம் இரட்டிப்பு, அதனால் மோதும் ஆற்றலில் 4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 100 மடங்கு. முதலாவது மேலே விழுந்தால் தையல் போட வேண்டியிருக்கும். இரண்டாவது விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த அவையில் விளக்க வேண்டாம்.

அளவு கூடும்போது தவறுக்கான மன்னிப்பு குறைகிறது. சின்ன விமானத்தில் எய்லரானின், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலின், கீல் கொஞ்சம் ஆடினாலும் பெரிதாக ஒன்றும் நேராது. பெரிய விமானத்தில், வேகம் ஏறியதும், அந்தச் சிறு ஆட்டம் படபடப்பாக மாறிச் சில நொடிகளில், மடலை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் பல்லை உடைத்து, சமயத்தில் இறக்கையையே பிய்த்துவிடும். அதனால்தான் பெரிய சாகச விமானங்களில் ஒரு எய்லரானுக்கே இரண்டு சர்வோ வைக்கிறார்கள். ரிசீவருக்கு இரண்டு பேட்டரி. ஒன்று செத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் இரண்டு வேண்டும் என்கிறது பெரிய விமானம். அதன் பட்டியலில் முக்கியமான இரண்டாவது பொருள் இன்னொரு மனிதரின் கண். இந்தப் பேச்சு அதைச் சுற்றித்தான்.

ஒருவர் மட்டும் போதாது என்பது வரலாற்றைப் பார்த்தாலும் தெரியும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ ஊரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டையர் இருந்தார்கள். வால்ட்டருக்கு மாதிரி விமானம் செய்வதில் பித்து. வில்லியமுக்கு ஹாம் ரேடியோவில் பித்து. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு அவ்வளவாகத் தெரியாது. இருவரும் ஒரே வீட்டில் இருந்தது விமான உலகின் அதிர்ஷ்டம். 1937ல் அவர்கள் பறக்கவிட்ட ‘கஃப்’ என்ற விமானத்தின் இறக்கை 8 அடி. அந்தக் காலத்து ரேடியோ வால்வுகளையும் பேட்டரிகளையும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டுமென்றால் பெரிதாகத்தான் செய்தாக வேண்டும். அதாவது ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம் பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்தது. சிறியது பின்னால் வந்தது. அமெரிக்க தேசியப் போட்டிகளில் 1938 முதல் வெற்றிகளைக் குவித்த அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அதே காலத்தில் ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்ற நடிகர். இங்கிலாந்துக்காரர், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். சினிமாவில் சம்பாதித்த பணத்தை மாதிரி விமானத்தில் போட்டார். ஹாலிவுட் புலவார் சாலையில் கடை திறந்தார். பெரிய விமானத்தை ஆளில்லாமல் ஓட்ட முடிந்தால், பீரங்கிப் படையினர் சுட்டுப் பழக அது நல்ல இலக்காகுமே என்று அவருக்குத் தோன்றியது. வால்ட்டர் ரைட்டர் என்ற பொறியாளரின் கூட்டோடு அந்த யோசனை ரேடியோபிளேன் என்ற நிறுவனமாயிற்று. அவர்கள் செய்த ஓ.கியூ.2 விமானத்தின் இறக்கை 3.7 மீட்டர், எடை 47 கிலோ. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 15,000 இலக்கு விமானங்கள் வெளியே போயின. இன்று போர்முனைச் செய்திகளில் அடிபடும் டிரோன்களின் தாத்தாக்களில் ஒன்று பொழுதுபோக்குக் கடையில் பிறந்தது.

ஒரு கிளைக்கதை. அந்தத் தொழிற்சாலையில் நார்மா ஜீன் என்ற இளம்பெண் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் வேலை செய்யும் பெண்களைப் படமெடுக்க ராணுவம் டேவிட் கானோவர் என்ற புகைப்படக்காரரை அனுப்பியது. அனுப்பிய அதிகாரி ரொனால்ட் ரீகன். படத்தில் விழுந்த பெண் பிறகு மர்லின் மன்றோ ஆனார். அனுப்பியவர் பிறகு குடியரசுத் தலைவரானார். இரண்டு பேருக்கும் மாதிரி விமானத்தில் ஆர்வம் இருந்ததாகச் செய்தி எதுவும் இல்லை.

போருக்குப் பின் ரேடியோ சிறிதாயிற்று, விமானமும் சிறிதாயிற்று. டிரான்சிஸ்டர் வந்தது, சின்ன கிளோ எஞ்சின்கள் வந்தன, மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் வந்தது. பெரிய விமானம் மறுபடி தலையெடுக்க 1970கள் ஆயின. அதற்கு வழிசெய்தது மரம் அறுக்கும் இயந்திரம். செயின்சாவின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி, தேவையில்லாத உலோகத்தைச் சீவி, முன்னால் காற்றாடி மாட்டினார்கள். குவாட்ரா, ஜெனோவா என்று அந்த வம்சத்தில் வந்த எஞ்சின்கள் மலிவு. பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்கும். லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதி நடத்திய பில் பென்னட் 1974ல் ‘டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்’ என்ற சாகசப் போட்டியைத் தொடங்கிப் பெரும் பரிசுத் தொகை வைத்ததும், ஆண்டுக்கு ஆண்டு போட்டி விமானங்கள் வளர்ந்துகொண்டே போயின. பிறகு ஜெர்மனியின் 3டபிள்யூ, அமெரிக்காவின் டெசர்ட் ஏர்கிராஃப்ட் போன்றவர்கள் மாதிரி விமானத்துக்கென்றே பெட்ரோல் எஞ்சின் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஜெட்டையும் விட்டுவைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய டர்பைன் எஞ்சினை வடிவமைத்துப் புத்தகமாகவே எழுதிவிட்டார். அவருடைய எஞ்சினில் காற்றை அமுக்கும் சக்கரம் மரத்தால் ஆனது. வெளியே கார்பன் இழை சுற்றியது. மரத்தில் ஜெட் எஞ்சினா என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று கடையில் வாங்கும் மாதிரி டர்பைன் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது, மண்ணெண்ணெய் குடிக்கிறது. இப்படி ஒரு டர்பைன் விமானம் 2017ல் ஜெர்மனியில் மணிக்கு 749 கிலோமீட்டர் தொட்டது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எஞ்சினே இல்லாத மாதிரி கிளைடர் 2021 ஜனவரியில் கலிபோர்னியாவின் மலைமுகட்டில் 882 கிலோமீட்டர் போனது. முகட்டுக்கு மேலே வேகக்காற்று, பின்சரிவில் அமைதிக்காற்று. இரண்டுக்கும் இடையே வட்டமடித்து வட்டமடித்து வேகத்தைத் திருடுகிறார்கள்.

சரி, இதைச் செய்வது எப்படி? பெரும்பாலும் மரம்தான். ஈக்வடாரிலிருந்து வரும் பால்சா மரம், பைர்ச் பிளைவுட், ஸ்ப்ரூஸ் கட்டை. பால்சாவில் ஒரே மரத்திலிருந்து வரும் பலகைகளே எடையில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசப்படும். அனுபவசாலி ஒவ்வொரு பலகையையும் தராசில் வைத்துப் பிரிப்பார்: கனமானது இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு, லேசானது வாலுக்கு. வாலில் ஏன் லேசானது? வாலில் 100 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் பல மடங்கு ஈயம் கட்ட வேண்டியிருக்கும். எடை மையம் இரண்டு விரல் பின்னால் போனால் விமானம் தரையை விட்டு எழும்பும், ஆனால் ஓட்டுகிறவர் சொல் கேட்காது. அனுபவம் உள்ளவர்கள் விமானம் செய்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது பாதிப் பேச்சு தராசைப் பற்றித்தான் இருக்கும்.

ஓட்டுவதில் உள்ள சிரமம் வேறு வகை. விமானி உள்ளே உட்கார்ந்திருந்தால் இடது எப்போதும் இடதுதான். தரையில் நிற்கிறவரை நோக்கி விமானம் திரும்பி வரும்போது இடவலம் மாறிவிடும். புதியவர்கள் விமானத்தை உடைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதற்கு ஒரு பழைய பாடம்: எதிரே வரும் விமானத்தில் எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. பெரிய விமானத்தில் கண்ணை ஏமாற்றும் வேறொன்றும் இருக்கிறது. உருவம் பெரிதென்பதால் அது மெதுவாகப் போவதாகத் தோன்றும். போதாக்குறைக்கு, பின்காற்றில் வரும்போது தரையை ஒப்பிட்டால் வேகமாகத் தெரியும். காற்றை ஒப்பிட்ட வேகம்தான் இறக்கையைத் தாங்குகிறது. அது தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் பிரம்மாண்டமான மாதிரி ஒன்று இருந்தது. இறக்கை 23 அடி. எட்டு டர்பைன் எஞ்சின்கள். ஒரு பறப்பில் திருப்பம் இறுகியது, வேகம் குறைந்தது, ஓர் இறக்கை பிடியிழந்தது. அது விழுந்து எரியும் காணொளியைப் பார்க்காத மாதிரி விமானக்காரர் அநேகமாக இல்லை.

அதனால்தான் பெரிய விமானம் ஓட்டுகிறவரின் தோளருகே இன்னொருவர் நிற்பார். ஸ்பாட்டர் என்பார்கள். ஓட்டுகிறவர் தன் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஆகாயத்தில் வேறு விமானம் வருகிறதா, ஓடுபாதையில் ஆள் இறங்கிவிட்டாரா என்று பார்த்துச் சொல்வது ஸ்பாட்டரின் வேலை. ரேடியோ அலைவரிசையிலும் இப்படி ஒரு கூட்டு ஒழுக்கம் இருந்தது. பழைய ரேடியோக்களில் ஒரே அலைவரிசையில் இருவர் சுவிட்சைப் போட்டால் ஆகாயத்தில் இருப்பது விழும். எனவே மைதானத்தில் ஒரு பலகை. ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு கிளிப். கிளிப் கையில் இல்லாதவர் டிரான்ஸ்மிட்டரைத் தொடக் கூடாது. 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்து, தாமே காலி இடம் தேடிக்கொண்ட பிறகு, அந்தப் பலகைகள் பரணுக்குப் போயின.

இரண்டாவது கண்ணின் கதைகளில் உச்சம் மேனார்ட் ஹில்லுடையது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பொறியாளர். மாதிரி விமானத்தில் உயரம், தூரம், நேரம் என்று பல உலக சாதனைகள் வைத்திருந்தவர். வயது எழுபதைத் தாண்டியது. பார்வை சட்டப்படி குருடர் என்று சொல்லும் அளவுக்கு மங்கியது. காதும் சரியாகக் கேட்காது. அந்த நிலையில் அவருக்கு வந்த ஆசை, மாதிரி விமானத்தால் அட்லாண்டிக் கடலைத் தாண்டுவது.

பன்னாட்டு விமான விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, சாதனைக்கான மாதிரி எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஹில் விரலால் தடவித் தடவி பால்சாவைச் செதுக்கினார். 6 அடி இறக்கை; 10 சி.சி. எஞ்சின், ஏற்றிய எரிபொருள் ஒரு கேலனுக்கும் குறைவு, முகாம் விளக்குகளில் ஊற்றும் வெள்ளைப் பெட்ரோல். கிளம்பும்போது மொத்த எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருள். கண் எட்டாத கடலுக்கு மேல் யாரும் குச்சியால் ஓட்ட முடியாது, ஆகவே ஜி.பி.எஸ். பார்த்துத் தானே வழிதேடும் ஆட்டோபைலட். நண்பர்கள் ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அனுப்பியவை கடலோடு போயின.

2003 ஆகஸ்ட் 9 மாலை, கனடாவின் கிழக்கு விளிம்பான நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ஸ்பியர் முனையிலிருந்து ‘டாம் 5’ கிளம்பியது. சோதனைப் பறப்புகளுக்கு இடம் கொடுத்த பண்ணையின் நினைவாக அதற்கு ‘ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்’ என்றும் பெயர். இரண்டு இரவு, ஒன்றரைப் பகல். மணிக்குச் சராசரி 78 கிலோமீட்டர். ஆகஸ்ட் 11 பிற்பகல் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளிஃப்டன் ஊருக்குப் பக்கத்து மானின் கடற்கரையில் காத்திருந்தவர்களின் தலைக்கு மேல் அது வந்தது. அங்கே டிரான்ஸ்மிட்டரோடு நின்ற டேவ் பிரவுன் அதைக் கையில் வாங்கி இறக்கினார். 3,028 கிலோமீட்டர், 38 மணி 52 நிமிடம். தொட்டியில் மிஞ்சியிருந்தது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. 1919ல் ஆல்காக்கும் இன்னொரு பிரவுனும் நிஜ விமானத்தில் முதன்முதலில் எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி இறங்கிய சதுப்பு நிலமும் அதே கிளிஃப்டன் பக்கத்தில்தான்.

இதில் ஒரு குறும்பு இருக்கிறது. டாம் 5ன் இறக்கை 72 அங்குலம். மேலே சொன்ன 80 அங்குலக் கணக்குப்படி அது ‘ஜயன்ட்’ ஆகாது. மாதிரி விமானம் செய்த பயணங்களில் மிகப் பெரியதை நடத்திய விமானத்துக்கு, பெரிய விமானங்களின் விழாவில் நுழைவு கிடையாது.

கண் தெரியாதவர் செய்த விமானத்தை, கண் தெரிந்தவர்கள் சோதித்தார்கள், இறக்கினார்கள். ஹில்லுக்கு அது கட்டாயம். பெரிய விமானம் செய்கிற எல்லாருக்கும் அதைக் கட்டாயமாக்கியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அங்கே லார்ஜ் மாடல் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. ஜூலை மாதம் காஸ்ஃபர்ட் விமானப்படைத் தளத்தில் அவர்கள் நடத்தும் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும். வல்கன், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களின் மாதிரிகள் உறுமிக்கொண்டு தலைக்கு மேல் போகும். அந்தக் கூட்டத்தின் கண்ணில் படாத வேலைதான் முக்கியம். 25 கிலோவுக்கு மேற்பட்ட மாதிரியைச் செய்ய நினைப்பவர் தொடக்கத்திலேயே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். இறக்கைக்கு மேலுறை ஒட்டுவதற்கு முன், எலும்புக்கூடாக இருக்கும்போதே, பரிசோதகர் பட்டறைக்கு வருவார். ஸ்பார் சரியாக ஒட்டியிருக்கிறதா, சர்வோவுக்கு வலு போதுமா, ஒயர்கள் எங்கே உரசுகின்றன என்று பார்ப்பார். உறை ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் தப்பு எந்தக் கண்ணுக்கும் தெரியாதல்லவா? அதற்குப் பிறகு பொதுமக்கள் இல்லாத இடத்தில் சாட்சி வைத்துச் சோதனைப் பறப்புகள். எல்லாம் தேறினால்தான் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் விலக்கு அனுமதி கொடுக்கும். அமெரிக்காவிலும் 55 பவுண்டுக்கு, அதாவது 25 கிலோவுக்கு, மேற்பட்டவற்றுக்கு மாடல் ஏரோநாட்டிக்ஸ் அகாடமி இதே போலப் பரிசோதனையும் அனுமதியும் வைத்திருக்கிறது. 125 பவுண்டு வரை.

கவனிக்க வேண்டியது, பரிசோதகர் சம்பளம் வாங்கும் அரசு அதிகாரி இல்லை. தானும் பட்டறையில் பசை நாற்றத்தில் கிடக்கும் இன்னொரு பொழுதுபோக்குக்காரர். குறை சொன்னால் கோபம் வராதா? வரும். வந்தாலும் கேட்டுக்கொள்கிறார்கள், ஏனென்றால் அடுத்த வருஷம் இவர் பட்டறைக்கு அவர், அவர் பட்டறைக்கு இவர்.

இப்போது இந்தப் பொழுதுபோக்கு ஒரு திருப்பத்தில் நிற்கிறது. செய்து முடித்த விமானமே பெட்டியில் வருகிறது. இறக்கையை மாட்டி, சர்வோவைப் பொருத்தி, ஒரு வாரத்தில் 3 மீட்டர் விமானத்தை மைதானத்துக்குக் கொண்டுபோய்விடலாம். இதைக் கண்டு முகம் சுளிக்கும் மூத்தவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி ஏக்கம், பாதி நியாயம். நியாயமான பாதி இதுதான்: சொந்தக் கையால் செய்தவருக்கு விமானத்தின் எந்த மூட்டு பலவீனம் என்று தெரியும். பெட்டியிலிருந்து எடுத்தவருக்கு அது தெரியாது. வேறு யாரும் உள்ளே பார்த்ததும் இல்லை. பெட்டியில் வாங்குவது குற்றமில்லை. திறந்து பார்க்காமல் பறக்கவிடுவதுதான் குற்றம்.

திருப்பம் சட்டத்திலும் உண்டு. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல், பதிவு செய்ய வேண்டிய எல்லா டிரோனும் தன் அடையாளத்தை ரேடியோவில் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி முழுமையாக அமலுக்கு வந்துவிட்டது. மாதிரி விமானங்களும் அதில் அடக்கம். அங்கீகரித்த பறப்பு மைதானங்களுக்கு மட்டும் விலக்கு. எங்கோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ டிரோன் விட்டதற்கு, எண்பது ஆண்டுகளாகப் புல்வெளியில் பறந்தவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்று மாதிரி விமானக்காரர்கள் குமுறுகிறார்கள். குமுறலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விதி வந்தபோது விலக்குக் கேட்டு வாங்க அவர்களுக்கு ஒரு சங்கமும், சங்கத்திடம் நெடுங்காலப் பாதுகாப்புப் பதிவும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2021ன் டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கு ஒரு தனி வரையறை தந்திருக்கின்றன: 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக, கண் பார்வைக்குள் ஓட்டப்படுவது. அதற்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். கல்லூரி மாணவர்களுக்கு இது சின்னச் சலுகை இல்லை. ஆர்வத்துக்கும் இங்கே குறைவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். டென்னிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த நடிகர் இவர் ஒருவர்தானோ என்று வேடிக்கையாகக் கேட்கலாம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவும் மாதிரி விமானப் பயிற்சியை விடாமல் வைத்திருக்கிறது.

இல்லாதது அந்தப் பரிசோதகர். 18 கிலோ விமானத்தை ஒரு மாணவர் குழு செய்தால், உறை ஒட்டுவதற்கு முன் வந்து பார்க்க வேண்டிய மூத்த கண் எது? விதியில் அப்படி ஒருவர் கிடையாது. வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை; பிரிட்டனில் இதைப் பழக்கமாக்கியவர்கள் விமானம் செய்கிறவர்கள்தான். ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் விமானத்தின் இறக்கை மரச்சட்டமாக மேசையில் கிடக்கும்போது, பக்கத்துக் கல்லூரிக் குழுவைக் கூப்பிடுங்கள். போட்டியாளர்களாக இருந்தாலும் பரவாயில்லை. கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, குறை கண்டுபிடித்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதைச் சரிசெய்து, அதே தாளில் தேதி போட்டு இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு உறையை ஒட்டுங்கள். அவர்கள் விமானம் தயாராகும்போது நீங்கள் போங்கள்.